இடுமருந்தும் உரிமமும்

(சிவகாசியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்ம ஊரில் மருந்து என்ற சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. காய்ச்சலுக்கு வாங்குவது மருந்து. பட்டாசு ஆபீஸில் கலப்பதும் மருந்து. மணிமருந்து, மருந்து ரூம், மருந்து செலுத்துறது என்று நாம் பேசுவதை வெளியூர்க்காரர் கேட்டால் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொள்வார். மூன்றாவது பொருள் இவை இரண்டைவிடவும் பழையது. "அவனுக்கு யாரோ மருந்து வச்சுட்டாங்க" என்று நம் பாட்டிகள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, அந்த மருந்து. இடுமருந்து. சோற்றிலோ காபியிலோ எதையோ கலந்து கொடுத்து, சாப்பிட்டவரின் புத்தியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வது. அதை வயிற்றிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் இன்றும் கிராமங்களில் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்குள் நான் போகவில்லை. அதனால் பழி சுமந்த மருமகள்கள் எத்தனை பேர் என்பது தனியாகப் பேச வேண்டிய கதை. எனக்கு வேண்டியது அந்தச் சொல் மட்டும்தான். ஒருவருக்குத் தெரியாமல் அவர் குடிப்பதில் ஒன்றைக் கலந்து, அவர் சம்மதத்தை அவரிடமிருந்தே பறிப்பது ஒரு குற்றம் என்பது நம் மொழிக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. இன்றைக்கு அதை 'டிரிங்க் ஸ்பைக்கிங்' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. நைட் கிளப்பிலும் பாரிலும் பார்ட்டியிலும் நடக்கிறது என்கின்றன.

இந்தத் தலைப்பை நான் சொன்னபோது, கூட்டத்துக்கு ஏற்பாடு செய்த தம்பி தயங்கினார். "அக்கா, நம்ம ஊர்ல நைட் கிளப்பே இல்லையே?" என்றார். இல்லைதான். ஆனால் நம் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் நின்று பாருங்கள். சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர் என்று ஆம்னி பஸ் ஒவ்வொன்றாகக் கிளம்பும். பொதிகை எக்ஸ்பிரஸ் வந்து நின்றால், தோளில் லேப்டாப் பையும் கையில் அம்மா கட்டிக் கொடுத்த பொடி டப்பாவுமாக எத்தனை பெண் பிள்ளைகள் ஏறுகிறார்கள்! கட்டு ஒட்டியும் திரி வெட்டியும் சம்பாதித்த காசில் படிக்க வைத்த பிள்ளைகள். அவர்கள் போய்ச் சேரும் ஊரில் ஆபீஸ் பார்ட்டி இருக்கிறது, பிறந்த நாள் பார்ட்டி இருக்கிறது. ஆகவே இது நம் ஊர்ச் செய்திதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் அண்ணன் மகள் பெங்களூருவிலிருந்து போன் செய்தாள். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீலாக இருப்பதால், வீட்டில் யாருக்குச் சிக்கல் வந்தாலும் முதல் போன் எனக்குத்தான். அவள் குரல் குளறியது. "அத்த, நேத்து ராத்திரி பத்து மணிக்கு மேல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியல" என்றாள். கூட வேலை பார்ப்பவர்களோடு ஒரு பப்புக்குப் போயிருக்கிறாள். பழ ஜூஸ் கலந்த ஒன்றை ஒரே ஒரு கிளாஸ் வாங்கியிருக்கிறாள். பாதி குடித்துவிட்டு மேசையில் வைத்துவிட்டு, போன் பேச வெளியே போய் வந்திருக்கிறாள். திரும்பி வந்து மீதியைக் குடித்தது ஞாபகம் இருக்கிறது. அதோடு சரி.

மீதியை அவளோடு தங்கியிருந்த தோழி சொன்னாள். கால் நிற்காமல் தள்ளாடிய இவளை, அறிமுகமே இல்லாத ஒருவன் தோளோடு அணைத்து வாசலுக்கு நடத்திப் போயிருக்கிறான். "என் தங்கச்சிதான், கொஞ்சம் ஓவராயிடுச்சு" என்று சொல்லியிருக்கிறான். வாசல் காவலாளி நல்ல மனுஷன் போலிருக்கிறது. உதவி செய்திருக்கிறார். கார் கதவைத் திறந்து பிடித்திருக்கிறார்.

தோழி சத்தம் போட்டபடி ஓடி வந்ததால், அவன் இவளை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். அன்று இரவே பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். "நிறையக் குடிச்சிருக்காங்க, தூங்கினா சரியாயிடும்" என்று குளுகோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ரத்தம் எடுக்கவில்லை, சிறுநீர் எடுக்கவில்லை. அவள் எனக்குப் போன் செய்தபோது பன்னிரண்டு மணி நேரம் கடந்திருந்தது.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது அந்தக் கயவனை நினைத்தல்ல. கதவைத் திறந்து பிடித்த அந்தக் கையை நினைத்துத்தான். "இந்தப் பொண்ணு பேர் என்ன?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று அந்தக் காவலாளிக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

வீட்டுக்குள் விஷயம் தெரிந்த இரண்டொரு பேர் என்ன கேட்டார்கள் தெரியுமா? "அங்க ஏன் போனா?" "கிளாஸை ஏன் வச்சுட்டுப் போனா?" இதைக் கேட்டதும் எனக்கு நம்ம ஊர் விபத்துச் செய்திகள் ஞாபகம் வந்தன. எந்த வெடிவிபத்தானாலும் மறுநாள் பேப்பரில் ஒரு வரி இருக்கும்: 'உராய்வு காரணமாக விபத்து ஏற்பட்டதாகத் தெரிகிறது.' அதற்கு அடுத்து, தொழிலாளியின் கவனக்குறைவு. செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லப் போவதில்லை. அறைக்கு எத்தனை பேர் இருந்தார்கள், மருந்து எத்தனை கிலோ இருந்தது, உரிமம் யார் பெயரில், நடத்தியது யார் என்ற கேள்விகள் எல்லாம் நாலு நாள் கழித்துத்தான் வரும். வந்தால் உண்டு.

என் அப்பா ஒரு பட்டாசு ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் போர்மேனாக இருந்தார். சின்ன வயதில் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்கப் போகும்போது வாசல் வேம்புக்கு அந்தப் பக்கம் எங்களை விடமாட்டார். அங்கிருந்தே பார்ப்பேன். காலையில் வேலைக்கு வருகிறவர்களை அவர் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்ப்பார். செருப்பு வெளியே. நைலான் சேலை கட்டி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார், பருத்திதான். அறைக்குள் நுழையும் முன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் கை வைக்க வேண்டும், உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் தரையில் இறங்குவதற்காக. உள்ளே இரும்புச் சாமான் ஒன்றுகூடக் கூடாது. அறைக்கு நாலு பேர். ஐந்தாவது ஆள் தண்ணீர் கொடுக்க வந்தாலும் வாசலோடு சரி. அன்றைக்குக் கலந்த மருந்து அன்றைக்கே தீர வேண்டும். ராத்திரி தங்கிய மருந்து நீர்த்துப்போனால் தானாகவே சூடேறிவிடும் என்பார்.

ஒரு நாள் நான் கேட்டேன், "ஏம்ப்பா, எல்லாரும் பல வருஷமா வேலை பாக்குறவங்கதான? அவங்களுக்குத் தெரியாதா? தினமும் எதுக்கு இந்தச் சோதனை?" அப்பா சொன்னார்: "மனுஷன் கவனம் எட்டு மணி நேரமும் ஒரே மாதிரி நிக்காது தாயி. அது தப்பும். தப்பும்போது உசிரு போகாம இருக்கத்தான் ரூல்ஸ்."

நான் சட்டக் கல்லூரியில் ஐந்து வருஷம் படித்ததை அப்பா அந்த மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார். கவனம் தப்பும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதுவதுதான் நல்ல விதி. 'கவனமாக இருங்கள்' என்று சுவரில் எழுதிப்போடுவது விதியல்ல, அறிவிப்பு. ரயிலில் 'முன்பின் தெரியாதவர் கொடுக்கும் தின்பண்டங்களை வாங்கிச் சாப்பிடாதீர்கள்' என்று எத்தனை காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்! பிஸ்கெட்டிலும் டீயிலும் தூக்க மாத்திரை கலந்து நகையையும் பெட்டியையும் அடித்துக்கொண்டு போன வழக்குகள் நின்றா போயின? இப்போது பெண் பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்திமதியும் அதே ஜாதிதான். கிளாஸைக் கையால் மூடிக்கொள். பாத்ரூமுக்குப் போனால் கையோடு எடுத்துக்கொண்டு போ. கிளாஸுக்கு மூடி விற்கிறார்கள், சோதித்துப் பார்க்கும் காகிதம் விற்கிறார்கள். எனக்கு இந்த மூடி வியாபாரமே பிடிக்கவில்லை. அந்தக் காகிதம் இரண்டு மூன்று பொருள்களைத்தான் காட்டும். ஆனால் உலகம் முழுக்க அதிகமாகக் கலக்கப்படுவது எது? மதுவேதான். ஒரு அளவு கேட்டவளுக்குத் தெரியாமல் மூன்று அளவு ஊற்றுவது, ஜூஸ் கேட்டவளுக்கு வோட்கா கலந்து கொடுப்பது. எந்தக் காகிதம் அதைக் கண்டுபிடிக்கும்? சாயங்காலம் நாலு பேரோடு சிரித்துப் பேசப் போன பெண்ணை, தன் கிளாஸுக்குத் தானே காவல்காரியாக உட்கார்த்தி வைப்பது என்ன நியாயம்?

இந்தக் குற்றம் மேல்நாட்டிலிருந்து இறக்குமதியானது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பழைய செய்தி. நம் கரிசல் காட்டுப் பாதையோரத்தில், குப்பைமேட்டில், வெள்ளைப் பூவும் முள்ளுக் காயுமாக ஊமத்தை நிற்கிறதே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியச் சாலைகளில் வழிப்போக்கர்களைக் கவிழ்த்த மருந்து அதுதான். சத்திரத்தில் சிநேகமாகப் பேசிப் பழகி, சமைத்த சோற்றில் ஊமத்தை விதையை அரைத்துக் கலந்து கொடுப்பார்கள். சாப்பிட்டவருக்கு வாய் வறண்டு, கண்பாவை விரிந்து, பிதற்றல் வந்துவிடும். இருப்பதைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வழிப்பறிக் கொலைக் கூட்டமான தக்கர்களைத் தேடிய பிரிட்டிஷ் அதிகாரிகள் இந்த நஞ்சுக் கூட்டத்தையும் தேடி அலைந்தார்கள். நம் தடயவியல் பாடப் புத்தகங்களில் ஊமத்தைக்கு வழிப்பறி நஞ்சு என்றே பெயர். 1860இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 328ஆம் பிரிவு இதற்கென்றே இருந்தது. தீங்கு செய்யும் எண்ணத்தோடு நஞ்சோ மயக்கம் தரும் பொருளோ கொடுத்தால் பத்து ஆண்டு வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 123ஆம் பிரிவு. எண் மாறியது, தண்டனை மாறவில்லை. போதையிலோ, யாரோ கொடுத்த மயக்கப் பொருளின் பிடியிலோ தான் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று புரியாமல் ஒரு பெண் சொல்லும் 'சரி', சம்மதமே ஆகாது என்பதும் 1983இலிருந்து சட்டத்தில் இருக்கிறது.

ஆக, குற்றத்துக்குச் சட்டம் இல்லாமலில்லை. பின்னே எங்கே ஓட்டை? தண்டனைச் சட்டம் நடந்து முடிந்தபின் வருவது. சாட்சி கேட்கும், தடயம் கேட்கும். இந்தக் குற்றத்தில் சாட்சி மயங்கிக் கிடக்கிறாள், தடயம் சிறுநீரோடு போய்விடுகிறது. அதனால் தண்டனைச் சட்டத்தை மட்டும் நம்பினால், வெடித்த பிறகு சாம்பலைக் கிளறும் வேலையாகத்தான் அது முடியும். வெடிப்பதற்கு முன்னால் வாசலில் நிற்பது உரிமம். லைசென்ஸ். இந்த ஊருக்கு அதன் அருமையை நான் சொல்லத் தேவையில்லை. டிஆர்ஓ லைசென்ஸா, சென்னை லைசென்ஸா, நாக்பூர் லைசென்ஸா என்று சின்னப் பிள்ளைகூடக் கேட்கும் ஊர் இது.

மது விற்கும் இடம் எதுவானாலும் அரசு கொடுத்த உரிமத்தில்தான் நடக்கிறது. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டு விதிகளின்படி கிளப்புக்கு எஃப்.எல்.2, நட்சத்திர ஓட்டலுக்கு எஃப்.எல்.3. 21 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது. எத்தனை மணிக்குத் திறக்கலாம், எத்தனை மணிக்கு மூடலாம், எவ்வளவு கட்டணம் என்றெல்லாம் சட்டம் வகுத்து வைத்திருக்கிறது. அந்த உரிமத்திலேயே வந்தவரின் பாதுகாப்பும் ஒரு நிபந்தனையாக, தெளிவான சொற்களில், மீறினால் உரிமம் போகும் என்கிற பயத்தோடு ஏற வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

பிரிட்டனில் இந்த வழியில் கொஞ்ச தூரம் போயிருக்கிறார்கள். 2021 இலையுதிர் காலத்தில் அங்கே கல்லூரி திறந்த நேரம், பானத்தில் மருந்து கலப்பதாகப் புகார் மேல் புகார் வந்தது. மாணவிகள் ஊருக்கு ஊர் ஒரு நாளைக் குறித்து, அன்றிரவு எந்தக் கிளப்புக்கும் போகாமல் புறக்கணித்தார்கள். நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்து 2022இல் அறிக்கை கொடுத்தது. அங்கே 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டப்படி, ஒரு கிளப்பில் குற்றம் நடக்கிறது என்று தெரிந்தால் அதன் உரிமத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லிப் போலீஸ் மனுப்போடலாம். நிபந்தனை கூட்டலாம், உரிமத்தையே பறிக்கலாம். பார் ஊழியர் 10,000 பேருக்குப் பயிற்சி தரப் போவதாக 2024 நவம்பரில் அரசு அறிவித்தது. 2016இல் லிங்கன்ஷர் என்ற மாவட்டத்தில் ஒரு சின்ன ஏற்பாடு தொடங்கினார்கள். பயமாக இருக்கும் பெண் கவுண்டரில் போய் 'ஏஞ்சலா இருக்காங்களா?' என்று கேட்டால் போதும். ஊழியர் புரிந்துகொண்டு அவளைப் பத்திரமாக வெளியேற்றி வண்டி ஏற்றிவிட வேண்டும். இவ்வளவு செய்தும் அங்கே தண்டனை பெற்றவர்கள் மிகச் சொற்பம். 2021இல் ஊசியால் குத்தி மருந்து ஏற்றுகிறார்கள் என்று கிளம்பிய பீதியில் நிரூபணமானது அரிது. அதையும் சேர்த்தே சொல்கிறேன். பீதியைக் கிளப்பி எழுதும் விதி நிற்காது.

எனக்கு அங்கே பிடித்தது இப்படி ஊழியருக்குச் சொல்லிக் கொடுத்து வைக்கும் யோசனைதான். பெங்களூருவில் கதவைத் திறந்து பிடித்த கைக்கு ஒரே ஒரு விதி தெரிந்திருந்தால் போதும்: நினைவு தப்பிய ஒருவரை, 'தங்கச்சி' என்று சொல்லி வருகிறவரிடம் ஒப்படைக்கக் கூடாது. உட்கார வைக்க வேண்டும். கூட வந்தவர் யார் என்று உள்ளே விசாரிக்க வேண்டும். யாரும் இல்லையென்றால் 108. அந்தக் கிளாஸைக் கழுவாமல் எடுத்துவைக்க வேண்டும். கேமராப் பதிவை அழிக்காமல் வைக்க வேண்டும். ஒரு பதிவேட்டில் நேரம் போட்டு எழுத வேண்டும். இதற்கெல்லாம் பொறுப்பாக ஒவ்வொரு இரவும் பெயர் குறித்த ஒரு ஆள் இருக்க வேண்டும். நம் பாஷையில் சொன்னால், ஒரு போர்மேன்.

இந்த யோசனை நம் சட்டத்துக்கு அந்நியமுமில்லை. தமிழ்நாட்டில் 1998இல் பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. கல்லூரியோ, கோயிலோ, தியேட்டரோ, பேருந்தோ, அந்த இடத்தின் பொறுப்பில் இருப்பவரும் தடுக்க வேண்டும் என்று அது சொன்னது. பிறகு 2012 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் அந்தக் கடமையை நாடு முழுவதற்கும் விரித்தது. அந்த வழக்கு கிளம்பிய இடம் எது தெரியுமா? நமக்குப் பக்கத்துத் தென்காசி. பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் ஒருவரே பஸ்ஸுக்கு நின்ற பெண்ணிடம் தவறாக நடந்தது பற்றிய வழக்கு. இடத்துக்குச் சொந்தக்காரன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது என்று சட்டம் எப்போதோ சொல்லிவிட்டது. அதைக் கிளப்பின் வாசலுக்குக் கொண்டு போக வேண்டியதுதான் பாக்கி.

இங்கே நம் ஊர் படித்த கசப்பான பாடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். விதி எழுதினால் மட்டும் போதும் என்றால் நமக்கு இத்தனை விதவைகள் இருக்க மாட்டார்கள். 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம், 2008ஆம் ஆண்டு விதிகள் எல்லாம் கையில் இருக்கும்போதுதான் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆபீஸ் வெடித்து ஏறத்தாழ நாற்பது உயிர் போனது. அதில் பலர் அந்த ஆபீஸ் ஆட்களே இல்லை. புகையைப் பார்த்துக் காப்பாற்ற ஓடி வந்த பக்கத்து ஊர்க்காரர்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருந்தது, நடத்தியவர் வேறொருவர். உள்குத்தகை. அறைக்கு அறை ஆளுக்கொருவராகக் குத்தகைக்கு விட்டால் செம்புத் தகட்டைப் பார்ப்பது யார்? நாலு பேர் அறையில் எத்தனை பேர் என்று எண்ணுவது யார்? மரத்தடியில் உட்கார்ந்து மருந்து செலுத்தும்போது எந்தச் சட்டம் அங்கே போய் நிற்கும்?

கிளப்பிலும் இதே உள்குத்தகை இருக்கிறது. பெரு நகரங்களில் ஒரு ராத்திரிக்கு மட்டும் இடத்தை வாடகைக்கு எடுத்து, டிக்கெட் விற்று, டிஜே வைத்து, தன் ஆட்களை வைத்து ஊற்றிக் கொடுத்துவிட்டு விடியும்போது போய்விடுகிற 'ஈவென்ட்' அமைப்பாளர்கள் இருக்கிறார்கள். ஏதாவது நடந்தால் கிளப்காரர் அமைப்பாளரைக் காட்டுவார், அமைப்பாளர் காவலாளி கம்பெனியைக் காட்டுவார், அந்தக் கம்பெனி நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனைக் காட்டும். 2023இல் நம் அரசு மாநாட்டுக் கூடம், விளையாட்டு அரங்கம் போன்ற இடங்களில் நிகழ்ச்சிக்கு மது பரிமாறச் சிறப்பு உரிமம் கொண்டு வந்தது. கல்யாண மண்டபத்தையும் சேர்த்திருந்து, எதிர்ப்பு வந்ததும் அதை மட்டும் நீக்கியது. ஒரு ராத்திரி உரிமம் என்றால் பொறுப்பும் ஒரு ராத்திரியோடு கரைந்துபோகக் கூடாது. யார் ஊற்றினாலும், யார் வாசலில் நின்றாலும், உரிமத்தில் பெயர் உள்ளவரே பதில் சொல்ல வேண்டும். நான் கேட்கும் நிபந்தனைகளில் இதுதான் தலையானது.

இன்னொரு பக்கமும் கட்ட வேண்டியிருக்கிறது. கலப்பவன் கைக்கு மருந்து எப்படிப் போகிறது? கெட்டமைன் என்பது அறுவைக்கு மயக்கம் கொடுக்கும் மருந்து. 2011இல் அதைப் போதைப் பொருள் சட்டத்தின் கீழ் கொண்டு வந்தார்கள். 2013இல் மருந்து விதிகளில் மிகக் கடுமையான எக்ஸ் அட்டவணைக்கு மாற்றினார்கள். அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம் போன்ற மாத்திரைகள் 2014 மார்ச் முதல் ஹெச்-1 அட்டவணையில் இருக்கின்றன. எந்த டாக்டர் எழுதினார், யார் வாங்கினார், எத்தனை மாத்திரை என்று மருந்துக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். உங்கள் தெருக் கடையில் அந்தப் பதிவேடு எழுதப்படுகிறதா? அலுமினியப் பவுடருக்குக் கணக்குக் கேட்டுப் பழகிய ஊர்க்காரர்கள் நீங்கள். போய்க் கேளுங்கள்.

மருந்து செய்கிற கம்பெனியையும் பணிய வைக்க முடியும். ரோச் நிறுவனத்தின் ஒரு தூக்க மாத்திரை, பானத்தில் கலப்பதற்குப் பேர் போனதாக இருந்தது. நிறமில்லை, கரைந்தால் தெரியாது. தொண்ணூறுகளின் கடைசியில், எதிர்ப்பு முற்றியதும், பானத்தில் போட்டால் நீல நிறம் விடும்படி அதை மாற்றினார்கள். நம் வீட்டுச் சமையல் கேஸுக்கு இயல்பில் வாசனையே கிடையாது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கசிந்தால் தெரிய வேண்டும் என்று மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். இதுவும் மனுஷன் கவனம் தப்பும் என்று ஒப்புக்கொண்ட விதிதான்.

சரக்கு கைமாறும் சங்கிலியின் முதல் கண்ணியை விட்டால் என்ன ஆகும் என்பதைக் கள்ளக்குறிச்சி காட்டியது. 2024 ஜூன், கருணாபுரம். சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. அறுபதுக்கு மேல் சாவு, பிழைத்தவர்களில் பார்வை போனவர்கள் உண்டு. அதற்கு முந்தைய வருஷம் மே மாதம்தான் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் இதே மெத்தனால் இருபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. மெத்தனால் எங்கோ ஒரு ஆலையில் பேரல் பேரலாகப் புறப்பட்ட சரக்கு. பேரலுக்குக் கணக்கு இருந்திருந்தால் அது பாக்கெட்டுக்கு வந்திருக்காது. குடித்தவர்கள் கூலிக்காரர்கள் என்பதால் 'ஏன் குடித்தான்' என்று கேட்டோம். பெண் என்றால் 'ஏன் போனாள்' என்று கேட்கிறோம். கலந்தவனைக் கேட்கும் கேள்வி மட்டும் எப்போதும் கடைசியில்தான் வருகிறது.

பின்வரிசையில் சில அம்மாக்கள் முகத்தில் கோபம் தெரிகிறது. "பாரைச் சரிப்படுத்துறதுக்குப் பேசுறியே, பாரை மூடச் சொல்லு" என்று நினைக்கிறீர்கள். குடியால் வீடு அழிந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நீங்கள். அந்தக் கோபத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் 2003இலிருந்து சில்லறை மது விற்பனை அரசின் கையிலேயே இருக்கிறது. விற்கிறவரும் உரிமம் கொடுக்கிறவரும் அரசாக இருக்கும்போது, நிபந்தனை போட அதற்கு இருக்கும் பலம் வேறு யாருக்கு உண்டு? மேலும் மருந்து மதுவில் மட்டும்தான் விழும் என்பதில்லை. டீயில் விழுகிறது, ஜூஸில் விழுகிறது. ஆண் பிள்ளைகளுக்கும் கலந்து கொடுத்துப் பணத்தையும் போனையும் பிடுங்குகிறார்கள்.

எனக்கு இருக்கும் பயம் வேறு. பாதுகாப்பு என்ற பெயரில் பெண்ணை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். 2009 ஜனவரியில் மங்களூருவில் ஒரு பப்புக்குள் புகுந்து பெண்களை அடித்து விரட்டியவர்களும் கலாசாரத்தைக் காப்பாற்றுவதாகத்தான் சொன்னார்கள். விதி எழுதும்போது, அது யாரைச் சோதிக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். என் அப்பா தொழிலாளியைச் சோதித்தது அவரை வீட்டுக்கு உயிரோடு அனுப்ப. அவர் எங்கே போகிறார் என்று கேட்க அல்ல.

பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். இது புத்திமதி அல்ல, கோர்ட்டில் பார்த்தது. குடித்த அளவுக்குப் பொருந்தாத மயக்கம் வந்தால், அல்லது கூட வந்தவருக்கு வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சில பொருள்கள் சிறுநீரில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை. தூக்க மாத்திரை வகைகள் ஒன்றிரண்டு நாள் நிற்கும், சில அதற்கு மேலும். முதல் சிறுநீர்தான் முக்கியம். ஆஸ்பத்திரியில் வாய்விட்டுக் கேளுங்கள்: "எனக்கு யாரோ கலந்து கொடுத்திருக்காங்கன்னு சந்தேகம், ரத்தமும் சிறுநீரும் எடுத்து வைங்க, எழுதிக் கொடுங்க." பாலியல் வன்முறை நடந்திருந்தால், அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியாரானாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை கொடுத்தாக வேண்டும், மறுக்க உரிமை இல்லை. எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எல்லை காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. 181 பெண்களுக்கான எண், இரவும் பகலும் எடுப்பார்கள்.

என் அண்ணன் மகள் புகார் கொடுக்கவில்லை. "அத்த, போலீஸ்ல சொன்னா அம்மாவுக்குத் தெரிஞ்சிடுமா?" என்றுதான் கேட்டாள். தெரியும் என்றேன். அவ்வளவுதான், போனை வைத்துவிட்டாள். அவளுக்கு அன்று நான் சொல்ல வேண்டியது வேறென்னவோ இருந்தது என்று இன்றுவரை எனக்கு உறுத்துகிறது. இங்கே இருக்கும் அம்மாக்களே, அப்படி ஒரு போன் உங்களுக்கு நேராக வரட்டும்.

வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். அதில் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைக்கு எழுதிய மனு இருக்கிறது. பெயர் குறித்த பொறுப்பாளர், பயிற்சி பெற்ற வாசல் காவல், கேமராப் பதிவையும் கிளாஸையும் பாதுகாப்பது, யார் நடத்தினாலும் உரிமக்காரரே பொறுப்பு என்று நாலு நிபந்தனை எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் போடலாம். ஆனால் இங்கே வந்திருக்கும் போர்மேன்களிடமும் கணக்கப்பிள்ளைகளிடமும் எனக்கு ஒரு வேண்டுதல். ஆபீஸர் வரும் நாளில் எந்த அறையைப் பூட்டுவார்கள், எந்தப் பதிவேட்டை அன்றைக்குக் காலையில் உட்கார்ந்து எழுதுவார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த மாதிரி எந்த வக்கீலுக்கும் தெரியாது. அந்த நாலு நிபந்தனையையும் நிதானமாக வாசித்துப் பாருங்கள் அண்ணாச்சி. எந்த வரியில் புகுந்து தப்பிப்பார்கள் என்று பென்சிலால் அடிக்கோடு போட்டுவிட்டுப் போங்கள். அனுப்புவதற்கு முன் திருத்திக்கொள்கிறேன்.